வரி விதிப்பவர் யார்? வரி கட்டுபவர் யார்?

(வடமராட்சியில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வரி. அந்தச் சொல்லைக் கேட்ட பின்னரும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கிறீர்களே, அதற்காகவே முதலில் உங்களுக்கு நன்றி கூறுகின்றேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: “தம்பி, வரி எல்லாம் காசுள்ளவையின்ர சங்கதி. எங்களுக்கு என்ன?” அவரைப்போல் எண்ணுவோர் இங்கு பலர் இருப்பீர்கள். அந்தத் தாயார் காலையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கியிருப்பார். 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. அவர் கொடுக்கும் 118 ரூபாவில் 18 ரூபா அரசாங்கத்தின் பங்கு. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் மாளிகை கட்டி வாழும் கோடீசுவரனும் அதே கட்டிக்கு அதே 18 ரூபாவைத்தான் கொடுக்கிறான். வேறுபாடு ஒன்றே. அவனுக்கு அது தூசு. இவருக்கு அது பாரம்.

இந்த நாட்டின் வரிச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஏழையின் அடுப்பிலிருந்துதான் அரசாங்கத்தின் கஜானா நிரம்பி வந்திருக்கிறது என்பது புலனாகும். ஒல்லாந்தன் தோம்பு எழுதி நம் முன்னோரிடம் தலைவரி வாங்கினான். காசு இல்லாதவனிடம் ஊழியம் வாங்கினான். ஆங்கிலேயன் நெல்லுக்கு வரி போட்டான். கட்டமுடியாத கமக்காரரின் வயல்கள் ஏலத்திற்குப் போயின. 1892ஆம் ஆண்டில்தான் அந்த வரி ஒழிந்தது. வருமானத்தின் மீது வரி என்னும் ஒன்று இந்த நாட்டிற்கு வந்ததோ 1932ஆம் ஆண்டில். நூற்றாண்டுக்கு மேலாக ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கும், தேயிலைத் தோட்ட முதலாளிமாருக்கும், அவர்தம் வருவாயில் கைவைக்க அதுவரை ஒருவருக்கும் மனம் வரவில்லை! சுதந்திரம் வந்தபின்னர் நிலை மாறியதா? 1953இல் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1959இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கால்டரின் ஆலோசனைப்படி செல்வ வரியும் செலவின வரியும் கொண்டுவந்தார்கள். செலவின வரி நான்கு ஆண்டில் மறைந்தது. ஒருமுறை மீண்டும் எழுந்து 1977இல் அடியோடு மறைந்தது. செல்வ வரியும் பின்னர் போயிற்று. அரிசி வரிசையில் நின்றவன் மட்டும் எங்கும் போகவில்லை.

இப்போது அண்மைக்கால விடயத்துக்கு வருகின்றேன். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். அடுத்த மாதமே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. ‘நல்லதுதானே’ என்பீர்கள். பொறுங்கள். ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இருபது இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்பவர் அந்த வரிக்குப் பதியவேண்டும் என்றிருந்த எல்லை முப்பது கோடியாக உயர்த்தப்பட்டது. வருமான வரிக்கான விலக்கு வருடத்துக்கு ஐந்து இலட்சத்திலிருந்து முப்பது இலட்சமாயிற்று. கம்பனி வரி 28 வீதத்திலிருந்து 24 ஆயிற்று. இந்தச் சலுகைகளுள் கூலிக்காரனுக்குக் கிடைத்தது எது, முதலாளிக்குக் கிடைத்தது எது என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள். 2019இல் 1,735 பில்லியன் ரூபாவாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனாக வீழ்ந்தது. கொரோனா நோயும் அதற்கு ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால், நோய் வருவதற்கு முன்னரே கஜானாவின் கதவு திறந்து விடப்பட்டாயிற்று.

அதே 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். ஐம்பது ரூபா எங்கே, கால் ரூபா எங்கே! கடையில் சீனியின் விலை அவ்வளவுக்கு இறங்கியதா? இல்லை. அப்படியானால் அந்த ஐம்பது ரூபா எவருடைய பைக்குள் போயிற்று? பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் 1,590 கோடி ரூபா இழப்புப் பேசப்பட்டது. சட்டத்தை மீறி வரி ஏய்த்தவன் ஒருவகைத் திருடன். சட்டத்தையே தனக்கேற்றபடி மாற்றுவித்து வரி கட்டாதவனை என்னவென்பது? அவனைப் பிடிக்க எந்தப் பொலிசுக்காரனாலும் முடியாது.

முடிவு உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் உலகத்துக்கு அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. இலாபம் கண்டவர்கள் கறுவாத்தோட்டத்தில். கடனைக் கட்டியவர்கள் கடற்கரையில்.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நீங்கள் அறிவீர்கள். கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்ஷக்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும், திறைசேரியின் உயர் உத்தியோகத்தர்களும் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்றும், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையில் உள்ள சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றும் ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்ப்பளித்தனர். தண்டனை என்ன? மனுதாரர்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வழக்குச் செலவு! பலர் என்னிடம் கோபத்தோடு கேட்டார்கள்: “ஐயா, இதுதானா நீதி?” அடிப்படை உரிமை வழக்கில் சிறைத் தண்டனை விதிக்க முடியாது, மனுதாரர்களும் நட்டஈடு கேட்கவில்லை. ஆயினும், அரசாங்கத்தின் வரிக் கொள்கை நீதிமன்றத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது அன்று என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பினால் நிலைபெற்றது. சட்டம் பயின்றவன் என்ற முறையில் இதனை நான் சிறிதென்று கருதவில்லை.

வரி ஏய்ப்பவனை நம் அரசாங்கங்கள் எப்படி நடத்தி வந்திருக்கின்றன? மன்னித்து! 1964 தொடங்கி எத்தனை பொது மன்னிப்புகள்! 1970இல் கலாநிதி என். எம். பெரேரா கள்ளப் பணத்தைப் பிடிக்க 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார்; அது ஒன்றுதான் கொஞ்சம் கடுமையான முயற்சி. 2003ஆம் ஆண்டின் மன்னிப்புச் சட்டம் சட்டத்தின் ஆட்சிக்கே விரோதமானது என்று உயர் நீதிமன்றம் கூற, அடுத்த ஆண்டு அதனை நீக்கினார்கள். 2021இல் மறுபடியும் ஒன்று வந்தது: மறைத்த செல்வத்தை வெளிப்படுத்தி நூற்றுக்கு ஒன்று கட்டினால் போதும் என்றது 18ஆம் இலக்க நிதிச் சட்டம். மாதச் சம்பளத்தில் வரி வெட்டப்படும் ஆசிரியர் ஒருவருக்கு இப்படியொரு மன்னிப்பு என்றாவது கிடைத்ததுண்டா? இறைவரித் திணைக்களத்துக்குள்ளேயே 2002 முதல் 2004 வரை 300 கோடி ரூபாவுக்கு மேல் போலி மீளளிப்பாகப் போனதே, அந்தக் கதையை இன்னொரு நாள் பேசுவோம்.

இனி, வரி விதிப்பவர்களின் வாழ்க்கையைப் பார்ப்போம். பாராளுமன்றத்தின் சட்டத்தாலன்றி எவ்வித வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. ஆகவே, வரி என்னும் வாள் அந்த 225 பேரின் கையில் இருக்கிறது. அவர்கள் அந்த வாளைத் தம் பக்கம் திருப்பியதுண்டா? வாகனமொன்று இறக்குமதி செய்தால் அதன் விலையையும் மிஞ்சும் தீர்வை கட்டவேண்டிய நாட்டில், தமக்கு மட்டும் தீர்வையற்ற அனுமதிப் பத்திரம் என்று விதி செய்துகொண்டார்கள். அந்தப் பத்திரங்கள் கோடிக் கணக்கான ரூபாவுக்குக் கைமாறியமை ஊரறிந்த விடயம். மாதப்படி 54,285 ரூபாதான் என்று கணக்குக் காட்டுபவர்கள் இந்த ஒரு பத்திரத்தின் பெறுமதியைச் சொல்வதில்லை. இந்தச் சலுகையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமே இருந்ததில்லை! தேசிய ஒற்றுமையை இதில் மட்டும் கண்டோம். 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஐந்து ஆண்டுகள் உறுப்பினராயிருந்தவருக்கு ஓய்வூதியம் வகுத்தது. எழுதுவினைஞர் ஒருவர் தம் இளமை முழுவதையும் கந்தோரில் தேய்த்துப் பெறுவதை இவர்கள் ஒரு தேர்தலில் பெற்றார்கள். பாராளுமன்றத்தில் ஒரு நாள் உணவு 2025 பெப்ரவரி வரையில் 450 ரூபா. அதன் பின்னர்தான் 2,000 ரூபாவாயிற்று.

1986இல் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடும் வாகனமும் செயலாளரும் வழங்க 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்போது பதவியிலிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, 1989இல் அவர் ஓய்வு பெற்றபோது சட்டம் ஆயத்தமாகக் காத்திருந்தது. 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றம் 151க்கு 1 என்ற வாக்கால் நீக்கியது. மறுநாளே மகிந்த ராஜபக்ஷ விஜேராம மாவத்தை இல்லத்தை விட்டுத் தங்காலைக்குப் போனார். உறுப்பினர் ஓய்வூதியத்தையும் நீக்குவதென்று இவ்வாட்சியினர் முடிவு செய்தனர். நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண சட்டத்தால் கொடுத்ததைச் சாதாரண சட்டத்தால் எடுக்கலாம், எடுத்ததை நாளைக்கு வேறொரு பெரும்பான்மை மீண்டும் கொடுக்கவும் கூடும்.

கொழும்பு மாளிகைகளைப் பற்றிப் பேசும் நமக்கு, கீரிமலையில் எழுந்த ஜனாதிபதி மாளிகை மறந்துபோகுமா? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில், அவர்கள் காலெடுத்து வைக்க முடியாத உயர் பாதுகாப்பு வலயத்துள், கடலைப் பார்த்தபடி அந்த மாளிகை எழுந்தது. முகாமிலிருந்தவன் வாங்கிய தீப்பெட்டியின் வரியும் அந்தச் சுவரில் ஒரு கல்லாக இருந்திருக்கும்.

பிரித்தானியாவில் 2009இல் பாராளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியாயின. பொய்க் கணக்கு எழுதிய டேவிட் சேட்டர் என்பவர், ‘பாராளுமன்றச் சிறப்புரிமை எனக்கு உண்டு, நீதிமன்றம் என்னை விசாரிக்க முடியாது’ என்று வாதாடினார். அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2010இல் அதனை நிராகரித்தது. 2011இல் அவர் 18 மாதச் சிறைக்குப் போனார். நம்மிடம் சிறப்புரிமை என்ற சொல்லை இறக்குமதி செய்தவர்கள் இந்தத் தீர்ப்பையும் சேர்த்து இறக்கியிருக்கலாம். அதற்குத் தீர்வை கிடையாது.

இனி நம்மவர் பக்கம் திரும்புகின்றேன். கசப்பாக இருக்கும், மன்னிக்கவேண்டும். “கொழும்பு அரசாங்கம் நமக்கு என்ன செய்தது? அதற்கு நாம் ஏன் வரி கட்டவேண்டும்?” என்று நம் வர்த்தகர் சிலர் கேட்கிறார்கள். உணர்ச்சி எனக்கு விளங்குகிறது. ஆனால் கணக்கு விளங்கவில்லை. பெறுமதி சேர் வரி வியாபாரியின் சொந்தக் காசு அன்று. வாங்கும் தமிழ்த் தாயிடமிருந்து விலையோடு சேர்த்து அது வாங்கப்பட்டுவிட்டது. பற்றுச்சீட்டுக் கொடாமல் அதனைப் பெட்டியில் போட்டுக்கொண்டால், இழந்தது கொழும்பு மட்டுமன்று, அந்தத் தாயும்தான். இதற்குத் தேசியம் என்று பெயரிட்டால் தேசியம் தலைகுனியும். என் தொழிலைச் சேர்ந்தோர் மட்டும் என்ன? 2023இல் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வரிக்குப் பதியவேண்டும் என்று அறிவித்தல் வந்தபோது எழுந்த முணுமுணுப்பை நான் காதாரக் கேட்டேன். கட்சிக்காரரிடம் வாங்கும் காசுக்குச் சீட்டுக் கொடுக்கும் சட்டத்தரணிகளை விரல்விட்டு எண்ணலாம்.

சட்டமில்லா வரியும் இங்கே உண்டு. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் கமக்காரன் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோ ‘கழிவு’ என்று வெட்டிய வழக்கத்தை எந்தப் பாராளுமன்றம் நிறைவேற்றியது? உள்ளூர்ப் பிரதிநிதிகள் அதனை அறியாதவர்களா? கிளிநொச்சியில் மதுபானசாலை அனுமதிகளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத நேரம் கிடைத்த அரசியல்வாதிகளுக்கு, வெங்காயக்காரனுக்காக ஒரு கடிதம் எழுத நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே, நான் கேட்பவை சில. சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை ஆய்வறிக்கையில், வரிவிலக்குப் பெற்ற கம்பனிகளின் பட்டியலையும் சொகுசு வாகன இறக்குமதியில் விலக்குப் பெற்றோரின் பட்டியலையும் பகிரங்கப்படுத்தும்படி சொன்னது. அந்நியன் சொன்னான் என்பதற்காக அன்று. அது நம் உரிமை என்பதற்காகக் கேட்போம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி சொத்து விபரங்கள் வெளியாகின்றன. ஆனால் வரிக் கோவை இரகசியமாகவே இருக்கிறது. ஒருவனுடைய சொத்தைக் காட்டி, அதற்கு அவன் கட்டிய வரியை மறைத்தால் பாதிக் கண்ணாடியில் முகம் பார்த்தது போலாகும். நோர்வே நாட்டில் ஒவ்வொரு பிரசையின் வரியும் பகிரங்கம். அவ்வளவு தூரம் நாம் போகவேண்டாம். நம் வாக்கைக் கேட்டு வருபவர் கடைசி ஐந்து வருடத்து வரிப் பத்திரங்களைத் தாமாகவே வெளியிடட்டும். தன் கோவையைத் தானே காட்ட எந்தச் சட்டமும் தடையன்று. எங்கள் கட்சியின் வேட்பாளரிடமும் இதனைக் கேளுங்கள். அவர் மறுத்தால் அடுத்த கூட்டத்தில் என்னைக் கேளுங்கள்.

ஊரளவில் இன்றே தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிரதேச சபையின் சந்தைக் குத்தகையில் எவ்வளவு நிலுவை, நிலுவைக்காரர் யார், வாகனங்களுக்கு எவ்வளவு எரிபொருள், உறுப்பினர்களின் படி எவ்வளவு: இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுள் தகவல் அதிகாரி தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவரும் மறுத்தால் ஆணைக்குழு. மேன்முறையீடு எழுதித் தர நானும் என் நண்பர்கள் இருவரும் காசு வாங்காமல் ஆயத்தமாயிருக்கிறோம். விண்ணப்பப் படிவங்கள் மண்டப வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பேனா கொண்டுவராதவர்கள் இங்கேயே வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.