சோம்பேறித்தனம் அல்ல, சோர்வு

(திருப்பத்தூரில் கட்டடத் தொழிலாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "குடித்திருந்தானா?" "எத்தனை மணிக்கு எழுந்தான்?" என்று யாரும் கேட்பதில்லை.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரைப் போலவே தடுமாறின.

நம் கணக்கைப் போடுவோம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார் ஒரு சித்தாள் அக்கா. கான்கிரீட் போடும் நாளில் இரவு 9 மணிவரை சட்டி சுமந்தால் 17 மணி நேரம் ஆகிவிட்டது. கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாதாம். சரி, ஆளை மாற்றலாமே?

சோர்வை அளப்பது கடினமல்ல. செல்போன் திரையில் வெளிச்சம் வந்ததும் தொட வேண்டும். தொடுவது தாமதமானால் மூளை களைத்திருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் மூன்று கேள்விகள் போதும்: எப்போது எழுந்தீர்கள்? எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்? எங்கே தூங்கினீர்கள்?

மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் இடமே அவர்களுக்குப் படுக்கை.

ஆனால் அளவுகோல் யார் கையில் இருக்கும்? மேஸ்திரி கையில் இருந்தால், களைத்தவரை நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் நான் சொல்வது இரண்டு: பதிவேடு சங்கத்திடம் இருக்க வேண்டும், ஓய்வுக்குக் கூலி வெட்டக் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் எந்தத் தொழிலாளியும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்தது என்றார் அம்பேத்கர். கீழே வைக்கப்பட்ட உடம்புக்குக் களைப்பே வராது என்று சாதிச் சமூகம் நம்புகிறது. களைத்தால் சோம்பேறி என்கிறது.

1946இல் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54இலிருந்து 48 மணியாகக் குறைந்தபோது தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது.

தொழிற்சாலைக்குள் காத்த அந்த நேரத்தைச் சாரத்தின் மேலும் கேட்போம். நாளைக் காலை வேலை தொடங்கும் முன், பக்கத்தில் நிற்பவரிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.