பொந்தில் வாழும் பச்சைக்கிளி



சிறுவயதில் நாமும் பனம்பொந்திற் கைவிட்டுக் கிளிக்குஞ்சு எடுத்தவர்களே. கூண்டிலிட்ட குஞ்சு மூன்றாம் நாள் மாண்டது.

இன்று விடியற்காலையிற் பனங்கூடலுக்குப் போய், எட்ட நின்று பார்க்கிறோம். வட்டிழந்த மொட்டைப் பனையின் பொந்திலிருந்து பச்சைக்கிளி தலைநீட்டும். பெரும்பாலும் மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தே அதற்கு வீடு. மைனாவுக்கும் அது உதவும். போரிலே எண்ணற்ற பனைகள் அழிந்தன. எஞ்சிய மொட்டைகளையோ பயனற்றவையென நாமே தறிக்கிறோம்.

சுண்டிக்குளத்திலே பறவைகளுக்கென 1938இல் சரணாலயம் வகுத்தனர். 2015இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே பூநாரைக்குச் சட்டம் காவல். எங்கள் வேலியோரக் கிளிக்கு யார் காவல்? நாமன்றோ! இனிப் பொந்திற் கைவிடாதிருப்போம். மொட்டைப் பனையை நிற்க விடுவோம்.