தூரத்திலிருந்து வீட்டின் சூட்டை ஆளும் கருவி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கத்தில் இன்று பல வீடுகளில் ஏர்கோன் வந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பத்து காவானிலும், 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசிலும் பேக்டரி வேலைக்குப் போய் வருகிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கைப்பேசியைத் தட்டினால், இங்கே வீட்டில் ஏர்கோன் ஓட ஆரம்பிக்கிறது. "இது என்னடா மாயம்?" என்று பாட்டி கேட்கிறார். மாயம் ஒன்றுமில்லை பாட்டி. அதைப் படிப்படியாக விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு ஸ்மோக்கவுஸ் நன்றாகத் தெரியும். பால் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து, நாலைந்து நாள் புகை போடுவார்கள். சூடு ஏறக்குறைய 40 டிகிரியில் தொடங்கி 60 டிகிரி வரைதான் போகலாம். அதற்கு மேல் போனால் ஷீட்டில் கொப்புளம் விழும். குறைந்தால் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஓர் ஆள் ராத்திரி பகலாக உட்கார்ந்து, சூட்டுமானியைப் பார்ப்பார். விறகைத் தள்ளுவார் அல்லது இழுப்பார். காற்றுத் துவாரத்தைத் திறப்பார் அல்லது மூடுவார். பார்ப்பது, ஒப்பிடுவது, திருத்துவது என்ற இந்த மூன்று வேலையையும் ஆள் இல்லாமல் தானே செய்கிற கருவிக்குத்தான் தெர்மோஸ்டாட் என்று பெயர்.

இதை மின்சாரத்தால் இயங்கும்படி அமைத்தவர் யார் தெரியுமா? ஓர் ஆசிரியர்! வாரன் ஜான்சன் என்பவர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அறிவியல் போதித்தவர். அது பனிக் கொட்டும் நாடு. வகுப்பறையைச் சூடாக வைக்க, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உலை எரியும். பள்ளிப் பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் நுழைந்து சூட்டைப் பார்த்துவிட்டு, திரும்பக் கீழே இறங்கிப் போய் உலையைத் திருத்துவார். பாடம் கெட்டுப் போகும். பிள்ளைகள் ஒரு நேரம் நடுங்குவார்கள், ஒரு நேரம் வேர்ப்பார்கள். இதற்கு வழி தேடிய ஜான்சன், அறைக்குள் ஒரு கருவியை வைத்தார். சூடு மாறினால் கீழே இருப்பவருக்கு மணி அடிக்கும். 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885-இல் மில்வாக்கி நகரில் நிறுவனம் தொடங்கினார். அது ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பெயரில் உலகம் முழுவதும் வளர்ந்தது. பயிற்சிச் சான்றிதழோடு வகுப்பில் நிற்கும் என் போன்றோருக்கு இது பெருமை அல்லவா?

அந்தக் காலத்துத் தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருந்த தந்திரம் மிக எளிது. இரண்டு வகை உலோகத் தகடுகளை ஒட்டி வைப்பார்கள். சூடுபட்டால் ஒன்று அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும். ஒட்டியிருப்பதால் தகடு வளையும். வளையும் போது மின்சாரம் இணையும் அல்லது துண்டிக்கும். சட்டை தேய்க்கும் பெட்டி அளவாகச் சூடேறி 'டக்' என்று தானாக நிற்கிறதே, பெரும்பாலும் அதே தகடுதான் காரணம். ரைஸ் குக்கரில் இன்னொரு வித்தை. தண்ணீர் இருக்கும் வரை சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். அடியில் இருக்கும் காந்தம் அந்தச் சூட்டில் பிடிப்பை இழந்து விசையை விட்டுவிடும். அடுப்படியிலேயே அறிவியல் பாடம் இருக்கிறது, பிள்ளைகளே!

இனி நம் ஏர்கோனுக்கு வருவோம். குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கத் தெர்மோஸ்டாட் சுவரில் இருக்கும். நமக்கு வேண்டியது குளிர். நம் ஏர்கோனில் காற்று உள்ளே போகும் இடத்தில் பருக்கை போல ஒரு சிறு உணர்கருவி இருக்கிறது. அதுதான் சூட்டைப் பார்க்கிறது. கைப்பேசியில் நீங்கள் தட்டும் கட்டளை முதலில் கம்பெனியின் கணினிக்குப் போகிறது. அந்தக் கணினி வேறு நாட்டில்கூட இருக்கலாம். அங்கிருந்து இணையம் வழியாக உங்கள் வீட்டு மோடத்துக்கு வந்து, வைஃபை மூலம் ஏர்கோனைச் சேர்கிறது. பழைய ஏர்கோனாக இருந்தால் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை அறையில் வைக்கிறார்கள். அது ரிமோட் அனுப்புகிற, கண்ணுக்குத் தெரியாத அதே ஒளியை அனுப்புகிறது. ஏர்கோனும் "நம்ம ரிமோட்தான்" என்று நம்பிக் கீழ்ப்படிகிறது.

இதனால் லாபம் உண்டா? உண்டு, சரியாகப் பயன்படுத்தினால். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழுமூச்சாக ஓடும்போது ஏறக்குறைய 750 முதல் 1000 வாட் வரை இழுக்கும். அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். அணைக்க மறந்து வேலைக்குப் போய்விட்டால், தூரத்திலிருந்தே அணைத்துவிடலாம். காலி அறை குளிர்ந்து யாருக்கு என்ன பயன்? ஆனால், "வீட்டுக்குப் போவதற்குள் குளிரட்டும்" என்று இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போட்டால், கரண்டு பில் ஏறத்தான் செய்யும். அரை மணி நேரம் போதும். இன்னொன்று: சீக்கிரம் குளிரும் என்று 16-இல் வைக்கிறோம். சாதாரண ஏர்கோன் 16-க்கும் 24-க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர வைக்கும். 16 என்றால் நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான். நம் அரசாங்கம் 2011-இல் தன் அலுவலகங்களிலேயே 24 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று சொன்னது. வீட்டுக்கும் அது நல்ல கணக்கு. கூடவே காற்றாடியையும் போட்டுக் கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, நல்லதைச் சொன்னவன் கெட்டதையும் சொல்ல வேண்டும். முதலாவது, லைன் போனால் கைப்பேசி வேலை செய்யாது. 2016 நவம்பரில் பின்லாந்து நாட்டில் லப்பேன்ராந்தா நகரில், இணையம் வழி நடந்த தாக்குதலால் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பக் கட்டுப்பாடு நின்று போனது. குளிர்காலம் தொடங்கும் நேரம்! ஆகவே பழைய ரிமோட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டாவது, கம்பெனி கைவிடலாம். 2011-இல் வெளிவந்த நெஸ்ட் என்ற தெர்மோஸ்டாட் பெரும் புகழ் பெற்றது. 2014-இல் கூகுள் அந்த நிறுவனத்தை 320 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதன் முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்குக் கைப்பேசித் தொடர்பு 2025 அக்டோபரோடு நிறுத்தப்பட்டது. சுவரில் கையால் திருப்பலாம், தூரத்திலிருந்து முடியாது. காசு கொடுத்து வாங்கும் முன் இதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, கடவுச்சொல். 12345 என்று வைப்பது கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவதற்குச் சமம். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் முக்கியமானது. ஜான்சன் ஐயா காலத்துக்கு முன், கீழ்த்தளத்தில் இருந்தவர் சூட்டைத் தீர்மானித்தார். மேலே பிள்ளைகள் நடுங்கினார்கள். கருவி அந்த உரிமையை அறைக்குக் கொண்டு வந்தது. இன்று கைப்பேசி அந்த உரிமையை மறுபடியும் அறைக்கு வெளியே கொண்டு போகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், பில் ஏறுதே என்று இங்கே தன் தாயார் படுத்திருக்கும் அறையின் ஏர்கோனை அணைக்கலாம். அந்த அம்மாவுக்கு வேர்க்கிறதா, மயக்கம் வருகிறதா என்று கைப்பேசி சொல்லாது. இத்தகைய கருவிகளை வைத்து மனைவியை மிரட்டி அடக்கிய கணவன்மார்களைப் பற்றி 2018-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விரிவாக எழுதியது. ஆகவே ஒரு விதி வைத்துக் கொள்வோம்: அறைக்குள் இருப்பவர் சொல்வதே முதல் கட்டளை. அவர் கைக்கெட்டும் இடத்தில் ரிமோட் இருக்கட்டும். தூரத்தில் இருப்பவர் பொத்தானைத் தட்டுமுன் போன் போட்டு, "அம்மா, எப்படி இருக்கீங்க? சூடா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மாணவச் செல்வங்களே! நம் தாத்தாக்கள் ஸ்மோக்கவுஸில் கண் விழித்துச் சூடு பார்த்தார்கள். உங்கள் அக்காமார், அண்ணன்மார் பேக்டரியில் நின்று உலகுக்கு மின்னணுப் பொருள்கள் செய்கிறார்கள். நீங்கள் அவற்றை வடிவமைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு முதற்படி, பொத்தானைத் தட்டுவதோடு நிற்காமல், "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்பது. இன்றிரவு வீட்டில் ரைஸ் குக்கர் 'டக்' என்று நிற்கும்போது, அது ஏன் நின்றது என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவர் புரிந்து கொண்டு தலையாட்டினால், இன்று மேடையில் கிடைக்கும் பரிசுக்கு அது குறைந்ததல்ல.