நாற்பதுக்கு மேல் ஒரு புது வேலை

நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்துத் தோழிகளே, கடைசி வரிசையில் வசதியாக இடம்பிடித்திருக்கும் கணவன்மார்களே!

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, "புதுசா ஒரு வேலைக்குப் போகப் போறேன்" என்றால் வீட்டில் மூன்று கேள்விகள் வரும். "இந்த வயசுல எதுக்கு?" "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" மூன்றாவதுதான் உண்மையான கேள்வி: "அப்போ காலைல டிபன்?"

பழைய வேலையின் பாடம் புது வேலைக்கு உதவும் என்பதற்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன். சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரியும். மதுரைப் பக்கத்துக் கிராமம், பள்ளிக்கூடம் பார்க்காதவர், வயல் வேலையில் கொத்துத் தலைவி. கொத்துத் தலைவி என்றால் சும்மாவா? ஆள் சேர்க்க வேண்டும், நிலக்காரரிடம் கூலி பேச வேண்டும், பொழுது சாய்ந்ததும் யாருக்கும் மனக்குறை இல்லாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்துக்கு வந்தார். சேமிப்பு, கடன், வங்கி என்று எல்லாமே புதுசு. ஆனால் அங்கே தேவைப்பட்டது என்ன? பெண்களை ஒன்றுசேர்ப்பது, அதிகாரியிடம் தயங்காமல் பேசுவது, காசில் கை சுத்தம். மூன்றும் வரப்பிலேயே படித்த பாடங்கள். 2001இல் டெல்லி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது.

இரண்டாமவர் புதுக்கோட்டை முத்துலெட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். நாற்பது வயதில் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். குழந்தை மணத்துக்கும் தேவதாசி முறைக்கும் மருந்துக் கடையில் மருந்து கிடையாது, சட்டத்தில்தான் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவன்மார்களே, இதையும் கேளுங்கள். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்ட பிறகே 1914இல் அவர் கழுத்தை நீட்டினார். மாப்பிள்ளை சுந்தர ரெட்டியும் ஒரு டாக்டர். ஒப்புக்கொண்டார்!

தோழிகளே, துணிந்து குதியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. புது வேலையில் சம்பளம் குறையலாம். மகன் வயதுப் பையன் மேலதிகாரியாக இருப்பான். ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஆனால் விண்ணப்பத்தில் வீட்டைக் கவனித்த பத்து வருடத்தை வெற்றிடமாக விடாதீர்கள். மகளிர் குழுவின் கணக்கு எழுதியிருக்கிறீர்களா? எழுதுங்கள். படுக்கையில் கிடந்த மாமியாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தீர்களா? அதையும் எழுதுங்கள். வேலை கொடுக்கும் முதலாளிகளே, வயதுக் கட்டத்தைத் தாண்டி அந்த வரிகளையும் படியுங்கள்.

நூலகர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. விண்ணப்பம் எழுத உதவுவதற்கு, சனிக்கிழமை மாலையில் இங்கே ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை நானே வந்து உட்காருகிறேன்.