எழுத்தறிந்த பேய்



பெங்களூரில் பல்லாண்டு வாழும் தமிழர் பலர் கேட்டறிந்த செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1990களில் இந்நகரத்து வீடுகள் பலவற்றின் கதவுகளிலும் சுவர்களிலும் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தனர். இரவில் ஒரு பெண்பேய் தெருவழியே வரும். உற்றார் ஒருவரின் குரலில் அழைக்கும். கதவைத் திறந்தவர் பிழையார் என்பது அந்நாளைய பேச்சு. கதவிலுள்ள எழுத்தைப் படித்ததும், ‘நாளை வரச் சொல்கிறார்கள்’ என்று பேய் திரும்பிவிடுமாம். மறுநாளும் அதே எழுத்து. மறுநாளும் அதே ஏமாற்றம்!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்சத்தினும் அவ்விரு சொற்களே முதலில் கண்ணிற் படுகின்றன. நமது ‘நாளை வா’ சற்றே உருமாறி ‘நாளே பா’ என நிற்கிறது. நம் வேர் கன்னடத்தில் ‘பேரு’. நம் வில் ‘பில்லு’. இலக்கண நூல் விளக்க வேண்டிய உறவை ஒரு பேய்க்கதை வாயிற்படியிலேயே காட்டிவிடுகிறது.

இத்தகைய கதைகளை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுதல் எளிது. ஆயினும் ஓர் ஊர் எதற்கு அஞ்சியது, அச்சத்தை எவ்வாறு வென்றது என்பதை அவை கூறுகின்றன. ஆதலின் நேயர்கள் படிக்கத்தக்க மூன்றினை ஈண்டுக் குறிப்போம்.

முதலாவது, மணிமேகலையிலுள்ள சக்கரவாளக் கோட்டத்துக் கதை. புகார் நகரத்துச் சுடுகாட்டிற்குள் தனியே புகுந்த சார்ங்கலன் என்னும் இளைஞன், பேயொன்று தலையேந்திக் கூத்தாடக் கண்டு, அலறியோடித் தாயின்முன் வீழ்ந்து இறக்கிறான். தாய் கோதமி தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேய் உயிருண்பதில்லை, மகனது பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிருண்டது என்று தெய்வம் விடையிறுக்கிறது. அச்சத்தைக் காட்டியபின் அறிவையும் காட்டும் கதை இது. மூலம் கடினமாயின் உரைநடையில் படிக்கலாம்.

இரண்டாவது, புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘காஞ்சனை’. பிச்சை கேட்டு வந்தவளை எழுத்தாளர் ஒருவரின் மனைவி வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். அன்றுமுதல் அவருக்கு உறக்கமில்லை. வந்தவள் பேயா, அவர் மனமே பேயா என்பதை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, ஏ. கே. இராமானுஜன் 1991இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுதி. மைசூரில் பிறந்த தமிழரான அவர், 22 மொழிகளின் வாய்மொழிக் கதைகளை அதில் தொகுத்தார். வேற்றுமொழி பேசும் அண்டை வீட்டாருடன் கதை பேச அது நல்ல துணை.

இறுதியாக ஒரு சொல். பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர்; படிக்க அறியார். அறநூலை நீட்டினால் ஓடும் பிள்ளையும், விளக்கைத் தணித்துப் பேய்க்கதை தொடங்கினால் அருகில் வந்தமர்வான். பாதியில் நிறுத்தி, ‘மீதி இந்நூலில் உள்ளது’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கூட்டியேனும் படிக்க முனைவான்.

அந்தப் பேய்க்குக்கூட எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. உற்றார் குரலில் நம் தாய்மொழியும் வாயிலில் நின்று அழைக்கிறது. அதனிடம் ‘நாளை வா’ என்று நாள்தோறும் சொல்லிவிடாதிருப்போமாக.