ஒலிக்கூடத்தில் நமக்கோர் இருக்கை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சமுதாயக் கல்லூரியில் பல்லூடக வடிவமைப்பும் ஒலிப்பதிவும் பயில்வது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பள்ளித் தலைமையாசிரியனுக்கு இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரம் என் மேசைமுன் வந்து நிற்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இப்போது இதுதான். "ஐயா, பையன் செல்போனிலேயே படம் போடுகிறான், பாட்டை வெட்டி ஒட்டுகிறான். இதற்கெல்லாம் படிப்பு உண்டா?"

உண்டு. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் என்னும் ஊரில் தோன்றிய இளநிலைக் கல்லூரியிலிருந்து கிளைத்த இம்முறை, நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் கால்கொண்டது. பள்ளியை இடையில் விட்டவர், வேலை பார்த்துக்கொண்டே பயில விரும்புவோர், பட்டப்படிப்புக்குப் பணமில்லாதோர் ஆகியோருக்காகவே அது வகுக்கப்பட்டது. வகுப்பறைப் பாடம் பாதி என்றால், தொழிற்கூடத்தில் நேரில் பெறும் பயிற்சி மறுபாதி. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தை ஏற்று, சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்த நிதியளித்தது.

படிப்பு உண்டு என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆயினும் அதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஜீயபுரத்திலிருந்து முக்கொம்பு வரை எந்த ஊர்த் திருவிழாவிற்குச் சென்றாலும், ஒலிபெருக்கிப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்குபவர் யார்? மூங்கில் கட்டி உச்சியில் குழாயை மாட்டுபவர் யார்? பெரும்பாலும் நம் பிள்ளைகள். கலவைப் பலகையின் முன் நாற்காலியிட்டு அமர்ந்து பொத்தானைத் திருப்புபவர் யார்? அது பெரும்பாலும் வேறொருவர். சுமப்பவனுக்கு நாட்கூலி, திருப்புபவனுக்குப் பேசிய தொகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் ஓராண்டுப் படிப்பும் பயிற்சியுந்தான் என்பதே நான் இங்குச் சொல்ல வந்தது.

இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய தெலங்கானாவில், சகீராபாத்திற்கு அருகே மச்னூர் என்றொரு சிற்றூர். அங்கே 2008ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'சங்கம் ரேடியோ' ஒலிபரப்பைத் தொடங்கியது. நாட்டிலேயே தலித் பெண்கள் நடத்திய முதல் சமுதாய வானொலி அது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றே பெயர். அவர்கள் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். உரிமம் கிடைப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒலிப்பதிவைக் கற்றுக்கொண்டு, விதை, உணவு, மருந்து, பாட்டு என அவ்வூர்ப் பெண்களின் குரலைப் பதிவு செய்து ஒலிநாடாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். உரிமம் வந்தபோது சேமிப்பு ஆயத்தமாக இருந்தது! அந்நிலையத்தைத் திறந்து வைத்தவர் நீதியரசர் பி.பி.சாவந்த். வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பங்கு கொண்டவர் அவரே.

நம் திருச்சிக்கு 1939ஆம் ஆண்டிலேயே வானொலி நிலையம் வந்துவிட்டது. என் தந்தையார் தலைமுறையினர் பஞ்சாயத்து வானொலியின் குழாய்க்குக் கீழே நின்று அதனைக் கேட்டார்கள். கேட்டதோடு நின்ற தலைமுறை அது. நீங்கள் பேசவும் பதியவும் வேண்டியவர்கள்.

இனித் தொழிலைப்பற்றிச் சிறிது. நமக்கு அறிமுகமான பறையையே எடுத்துக்கொள்வோம். சாவு வீட்டில் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி என்பதால், அதைத் தொடவே மாட்டோம் என்று உறுதிகொண்ட பெரியோர் நம்மிடையே உண்டு. அவ்வுறுதிக்குப் பின்னே இருக்கும் காயத்தை நான் அறிவேன். அதைக் கலையாக மீட்டெடுத்து மேடையேற்றிய இளைஞரும் உண்டு. 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பறையும் கித்தாரும் ஒருங்கே ஒலித்தன. எவர் பக்கம் நியாயம் என்று நான் இங்குத் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் ஒன்று: அந்த ஓசையைச் செம்மையாகப் பதிவதற்குக் கல்வி வேண்டும்.

அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் தோலில் விழும் கணத்தில் ஒலி திடீரென உச்சத்திற்குத் தாவுகிறது. ஒலிவாங்கியை மிக அருகில் வைத்து, அளவையும் ஏற்றி வைத்தால், அந்த உச்சம் வெட்டுண்டு கரகரப்பாய்ப் பதியும். ஒருமுறை வெட்டுண்டதைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது. ஆகவே சில அடி தள்ளி வைக்க வேண்டும்; அளவைத் தாழ்த்தி வைக்க வேண்டும்; எதிரொலிக்கும் அறையாயின் சுவரில் கனத்த சமுக்காளமோ மெத்தையோ தொங்கவிட வேண்டும். குறுந்தகட்டுத் தரத்தில் கணினி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை கேட்பதால், அதன் இருமடங்கிற்குச் சற்று மிகுதியாக அளக்க வேண்டியிருக்கிறது. திரைப்படம், காணொளிக்கு 48,000. இதில் உள்ளது எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான். கணக்கு வராது என்று அஞ்சி விலகும் பிள்ளைகளுக்காகவே இதனைச் சொல்கிறேன்.

வடிவமைப்பிலும் அவ்வாறே. திரையில் காணும் வண்ணம் சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. அச்சில் வருவது நான்கு மைகளால் ஆனது. இவ்வேறுபாட்டை அறியாதவன் வடித்த விளம்பரத் தட்டி கடையில் ஒருவிதமாகவும் கம்பத்தில் வேறுவிதமாகவும் தோன்றும். தொடக்கத்தில் விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுவதில்லை. ஒலிக்கு ஆடாசிட்டி, படத்திற்கு கிம்ப், வரைவிற்கு இங்க்ஸ்கேப் ஆகியன கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எச்சரிக்கையும் கூற வேண்டும். 'மல்டிமீடியா' என்று பலகை மாட்டிய இடமெல்லாம் கல்லூரி ஆகிவிடாது. சேருமுன் மூன்றைக் கேளுங்கள். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வரும்? ஒரு மாணவனுக்குக் கருவியின்முன் வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பயிற்சிக்கு எந்த ஒலிக்கூடத்திற்கு அனுப்புவார்கள்? முதற்கேள்விக்குத் தெளிவான விடை வராவிடின் பணம் கட்டாதீர்கள். ஏற்பளிக்கப்படாத படிப்பிற்கு ஆதிதிராவிடர் மாணவர்க்குரிய உதவித்தொகையும் கிட்டாது. வேலை கிடைத்த மறுநாளே பெருஞ்சம்பளம் என்று எவரேனும் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். முதலிரண்டு ஆண்டு வருவாய் குறைவாகவும் நேரங்கெட்ட வேலையாகவுமே இருக்கும். இரவுப் பணிக்குப் பெண்களை அனுப்பத் தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல்: குரல்பதிவு, ஒலித்தொகுப்பு, பாடநூல் வடிவமைப்பு ஆகியவற்றில் பகற்பணியும் உண்டு, மச்னூர்ப் பெண்களையும் நினைத்துப் பாருங்கள்.

பட்டம் படிக்க வசதியும் மதிப்பெண்ணும் உடையோர் பட்டமே படியுங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நான் பேசுவது, பன்னிரண்டோடு நின்று பெட்டி சுமக்கப் போகும் பிள்ளைக்காக.

இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கூரைக் கொட்டகையில் மாலை வகுப்பு நடத்திய கதையை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், எங்கும் பதிவாகவில்லை. முதலில் பயிலும் மாணவரின் முதல் பயிற்சியாக அது அமையட்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சேர விரும்புவோர் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதி, வருமானச் சான்றுகளின் படிகளோடு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருகிறேன்.