தெலோம் ஆற்றங்கரை நாய்



வேட்டை நாய் என்றதும் நம் பெரியவர்களுக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நினைவுக்கு வரும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால், நாம் குடியிருக்கும் இந்த மலைக்கே உரிய நாய் ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் தெலோமியன்.

கேமரன் மலையின் தெலோம் ஆற்றின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அந்த ஆற்று நீரைச் சுரங்கத்தின் வழியே நம் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட் அணையில் தேக்குகிறார்கள். அணை கட்டி முடிந்த அதே 1963-ஆம் ஆண்டில்தான் ஓர்வில் எலியட் என்ற மானிடவியல் அறிஞர், ஓராங் அஸ்லி மக்களிடம் இந்த நாயைக் கண்டார். ஒரு ஜோடியை அமெரிக்காவில் நாய்களின் குணத்தை ஆராய்ந்துவந்த ஜே. பி. ஸ்காட்டுக்கு அனுப்பினார்.

தெலோமியன் உருவத்தில் சிறியது. எடை சுமார் 8 முதல் 13 கிலோ. குட்டை மயிர், செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம். கால் நட்டுக் கட்டிய மூங்கில் வீட்டுக்குள் ஏணியில் ஏறிப் போகும். குரைப்பதைவிட நீட்டி ஊளையிடுவதே அதிகம். வீட்டாரிடம் பாசம் காட்டும். அந்நியரிடம் எச்சரிக்கையாக இருக்கும்.

இந்த எச்சரிக்கைக் குணம் அச்சமாகவோ கடியாகவோ மாறாதிருக்க வழி என்ன? 1961-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சில நாய்க்குட்டிகளை மனிதரைக் காணாமல் வளர்த்தார்கள். 14 வாரம் வரை மனிதக் கை படாத குட்டிகள் பிறகு எளிதில் பழகவில்லை. ஆகவே 3 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் குட்டியை அன்றாடம் தொட்டுப் பழக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் கேட்பாரற்று விட்ட குட்டிதான் நாளை நம் பிள்ளைகளைத் துரத்தும் நாயாகிறது.

எந்த நாயை வளர்த்தாலும் சில கடமைகள் உண்டு. தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும். சோற்றோடு மீனோ முட்டையோ சேர்க்கலாம். வெந்த கோழி எலும்பு வேண்டாம், அது சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மலைக் குளிருக்குத் தரையிலிருந்து உயர்த்திய பலகையும் சாக்கும் போதும். மருந்தடித்த தோட்டத்தில் நாயை அலையவிடக் கூடாது. உண்ணி, அட்டை இருக்கிறதா என்று காதையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும்.

வேட்டைக் குணம் இருக்கிறதே என்று காட்டுக்கு அழைத்துப் போகலாமா? கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமம் இன்றி வேட்டையாடுவது குற்றம்.

வெறிநோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் முற்றியபின் உயிரைக் காப்பது அரிது. உடனே போட்டுக்கொள்ளும் ஊசியோ காக்கும்.

நம் அண்டை மக்கள் வீட்டுக்குள் ஏற்றி வளர்த்த நாயின் கதை இது. நாயை வளர்ப்பதென்றால் பொறுப்பாக வளர்ப்போம். இயலாதென்றால் குட்டியைக் கொண்டுவராமலிருப்போம்.